ஓர் ஆராய்ச்சிக்கூடமும் இரு மருந்துகளும்

குழந்தைகளைப் பற்றும் இரத்தப் புற்றுநோய்க்கு இன்று உலகெங்கும் அளிக்கப்பெறும் மருந்துகளுள் இரண்டு மிகப் பழமையானவை. ஒன்று மெத்தோட்ரெக்ஸேட், மற்றொன்று மெர்காப்டோபியூரின். முன்னது 1940களின் பிற்பகுதியிலும், பின்னது 1951இலும் தோன்றின. இவற்றின் வரலாற்றைப் பின்னோக்கித் தேடிச் செல்வோமாயின், இரண்டு வழிகளும் ஒரே வாயிலிற் சென்று கூடுவதைக் காண்கிறோம். பாஸ்டன் நகரில், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் உயிரிரசாயனப் பகுதியில், சைரஸ் ஃபிஸ்க் என்பாரின் பொறுப்பில் இயங்கிய ஆராய்ச்சிக்கூடமே அவ்வாயில். அங்கே பட்ட மேற்படிப்புப் பயின்ற மாணவர் இருவர். ஒருவர் சென்னை இராஜதானியிலிருந்து கப்பலேறிச் சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ். மற்றவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலிருந்து வந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ். சுப்பாராவ் 1930இலும் ஹிட்சிங்ஸ் 1933இலும் அங்கே டாக்டர் பட்டம் பெற்றனர்.

வியப்பு என்னவெனில், அவ்விடத்தில் அவர்களுக்குக் கிடைத்த பயிற்சி புற்றுநோயைப் பற்றியதே அன்று. இக்காலத்தில் புற்றுநோய்க்கு மருந்து காண்பதற்கென்றே இரசாயனப் பட்டதாரிகளைப் பயிற்றும் நிலையங்கள் உள்ளன. லண்டனிலுள்ள புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் அத்தகைய மாணவன் மூலக்கூறுகளைத் தன் கையால் ஆக்கவும், அவை உயிரணுவில் என்ன செய்கின்றன என்று அறியவும் ஒருங்கே கற்கிறான். 1920களில் இப்படி ஒரு படிப்பு உண்டென்று சொல்லியிருந்தால் இரசாயனப் பேராசிரியர்களே நகைத்திருப்பர். புற்றுநோய் அந்நாளில் கத்திக்கும் கதிர்களுக்கும் உரியதாக இருந்தது. அவ்வாறாயின் முதல் மருந்துகளைத் தந்தவர்கள் எங்கே, எதனைக் கற்றார்கள்?

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் பீமவரத்தில் பிறந்தவர், தெலுங்கர். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, மூன்றாம் முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் கற்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவை மருத்துவப் பயிற்சியின்போது அணியும் அங்கியையும் கதரிலேயே அணிந்து வந்தார். அது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. தேர்வில் நன்றாகவே எழுதியும், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே அவருக்குக் கிடைத்தது. அரசாங்க மருத்துவப் பணியின் கதவு இதனால் அடைபட்டது. சில காலம் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். ஸ்ப்ரூ என்னும் கொடிய வயிற்றுநோய்க்குத் தமையனாரைப் பறிகொடுத்த துயரமும் அவர் நெஞ்சில் இருந்தது.

உறவினர் முதலியோரின் பொருளுதவியுடன் புறப்பட்டு, 1922 அக்டோபர் 26ஆம் நாள் பாஸ்டன் சேர்ந்தார். வெப்பமண்டல மருத்துவம் பயில இடம் கிடைத்ததேயன்றி உதவித்தொகை கிடைக்கவில்லை. ஆகவே பகலில் வகுப்பு. இரவில் மருத்துவமனையொன்றில் நோயாளிகளின் கழிகலங்களை எடுத்துத் தூய்மை செய்யும் வேலை. சென்னையில் மருத்துவராகப் படித்துத் தேறியவர், அமெரிக்காவில் மருத்துவராகத் தொழில் செய்ய உரிமையின்றி இவ்வாறு நாட்களைக் கழித்தார். அதன் பின்னரே உயிரிரசாயனப் பகுதியில் ஃபிஸ்க்கிடம் சேர்ந்தார்.

அங்கே அவர் கற்ற கலையை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: அளவிடுதல். இரத்தத்திலும் சிறுநீரிலும் தசையிலும் உள்ள பாஸ்பரஸ் எவ்வளவு என்று காண ஒரு முறை தேவைப்பட்டது. பாஸ்பேட்டு மாலிப்டேட்டுடன் கூடும். அக்கூட்டில் ஏற்றதொரு பொருளை இட்டால் நீலநிறம் தோன்றும். நீலம் எவ்வளவு ஆழ்ந்திருக்கிறதோ அவ்வளவு பாஸ்பரஸ் உண்டென்று கொள்ளலாம். ஃபிஸ்க்கும் சுப்பாராவும் சேர்ந்து இம்முறையைச் செம்மையாக்கி 1925இல் வெளியிட்டனர். நம் நாட்டுக் கல்லூரிகளில் உயிரிரசாயனம் பயிலும் மாணவர்கள் செய்முறை வகுப்பில் இன்றும் இந்த நீலத்தைக் கண்டே பாஸ்பரஸை அளக்கிறார்கள். முறையின் பெயரில் வரும் சுப்பாராவ் யார் என்று அவர்களுள் எத்தனை பேர் கேட்கிறார்களோ, அறியேன்.

இம்முறையைத் தசைச் சாற்றில் கையாண்டபோது ஒரு சிறு இடையூறு நேர்ந்தது. உடனே தோன்றவேண்டிய நீலம் உடனே தோன்றாமல், மெல்ல மெல்ல ஏறிற்று. அவசரக்காரன் கருவியைக் குறை கூறியிருப்பான்; அல்லது சற்றுப் பொறுத்திருந்து இறுதியளவை மட்டும் குறித்துக்கொண்டிருப்பான். இவர்கள் அந்தத் தாமதத்தையே ஆராய்ந்தார்கள். அமிலத்தில் தானே சிதைந்து பாஸ்பேட்டை விடுவிக்கும் ஏதோ ஒரு பொருள் தசையில் உண்டு என்பது தெரிந்தது. 1927இல் அறிவிக்கப்பட்ட பாஸ்போகிரியேட்டின் அதுவே. தசையின் ஆற்றலைப் பற்றி அதுவரை மேலை நாட்டு அறிஞர் கொண்டிருந்த கொள்கை, நோபல் பரிசு பெற்ற கொள்கை, இதனால் ஆட்டங்கண்டது. 1929இல் ஏ.டி.பி. என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் பொருளையும் அவர்கள் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் தனியே அதனைக் கண்டார்.

ஹிட்சிங்ஸ் வந்து சேர்ந்தது இந்நிலையில். ஏ.டி.பி.யின் உடலில் பியூரின் எனப்படும் நைட்ரஜன் வளையமும் ஓர் உறுப்பு. அத்தகைய பியூரின்களைச் சிறு அளவில் துல்லியமாக அளந்தறிய முறை காண்க என்பதே அவருக்கு இடப்பட்ட பணி. அதுவே அவருடைய டாக்டர் பட்ட ஆய்வும் ஆயிற்று. ஒருவர் பாஸ்பரஸை அளந்தார். மற்றவர் பியூரினை அளந்தார். பிற்காலத்தில் ஹிட்சிங்ஸின் மருந்து பியூரினின் திரிபாகவே அமைந்தது.

அந்த ஆராய்ச்சிக்கூடத்தைச் சிறந்த பள்ளியென்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. நல்ல இல்லமென்று சொல்வதிலேதான் தயக்கம். சுப்பாராவ் பிரித்தெடுத்த பொருள்கள் சில, ஃபிஸ்க்கின் மனப்பான்மையால் உரிய காலத்தில் வெளிவராமற்போய், பல்லாண்டுகளுக்குப் பின் பிறரால் மீண்டும் கண்டுபிடிக்கப்பட நேர்ந்தது என்று ஹிட்சிங்ஸே பின்னாளில் கூறியதாகச் சொல்வர். டாக்டர் பட்டம் பெற்றுப் பத்தாண்டுகள் சென்ற பின்பும் ஹார்வர்டில் சுப்பாராவுக்கு நிலையான பதவி கிட்டவில்லை. ஹிட்சிங்ஸின் கதையும் சிறப்பாக இல்லை. பட்டம் பெற்ற ஆண்டு பொருளாதார மந்தத்தின் நடுவாண்டு. ஒன்பதாண்டுகள் நிலையற்ற சிறு பதவிகளில் அவர் அலைந்தார். பல்கலைக்கழகம் அவர்களைச் செம்மையாகப் பயிற்றியது. பயிற்றிய பின் வைத்துக்கொள்ளவில்லை. இருவரையும் ஏற்றுக்கொண்டவை மருந்துக் கம்பெனிகளே. 1940இல் சுப்பாராவ் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவரிலிருந்த லெடர்லே ஆராய்ச்சிச்சாலைக்கும், 1942இல் ஹிட்சிங்ஸ் அதே மாநிலத்து டக்காஹோவிலிருந்த பரோஸ் வெல்கம் ஆராய்ச்சிச்சாலைக்கும் சென்றனர். ஹிட்சிங்ஸ் சேர்ந்தபோது அங்கே உயிரிரசாயனப் பகுதி என்பது அவர் ஒருவரே.

இனி ஃபோலிக் அமிலத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும்; அதன் தொடக்கம் நம் நாட்டில் இருக்கிறது. 1928இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி பம்பாய்க்கு வந்து, நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்களை வாட்டிய சோகை நோயை ஆராய்ந்தார். மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாறு அந்நோயைத் தீர்ப்பதைக் கண்டு 1931இல் எழுதினார். அச்சாற்றில் இருந்த பொருள் எதுவென்று அப்போது தெரியவில்லை. 1941இல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தார் நான்கு டன் கீரையைச் சாறு பிழிந்து ஒரு பொருளைச் செறிவாக்கி, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். சுப்பாராவின் தலைமையில் லெடர்லே இரசாயனிகள் அதனைச் செயற்கையாக ஆக்கி 1945இல் அறிவித்தனர். தமையனாரைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கும் அது மருந்தாயிற்று.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்கூற்று மருத்துவராயிருந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் அமிலத்தைச் சார்ந்ததொரு பொருளை இரத்தப் புற்றுநோய் கொண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணிவதற்கு மாறாக விரைந்து வளர்ந்ததாகத் தோன்றிற்று. அச்சம் தரும் செய்தியே. ஆயினும் அதிலிருந்து ஓர் எண்ணம் பிறந்தது: வளர்ப்பது இதுவாயின், இதற்கு எதிரியானது வளர்ச்சியைத் தடுக்குமன்றோ? எதிரியை ஆக்கும் திறமை லெடர்லேயில் இருந்தது. சீகர், ஸ்மித், ஹல்ட்குவிஸ்ட் ஆகிய இரசாயனிகள் ஃபோலிக் அமிலத்தின் மூலக்கூற்றில் ஓரிடத்திலிருந்த ஆக்ஸிஜன் சார்ந்த பகுதியை நீக்கி அமினோ பகுதியை வைத்தனர். பார்வைக்கு அதுவே போல் இருக்கும். உயிரணுவும் ஏமாந்து ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொண்டபின் பெருக முடியாமல் நின்றுவிடும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்விடத்தில் ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. ஃபோலிக் அமிலத்தின் போலி என்று தமிழில் எழுதினால், சொல் தானே விளையாடி, பொருளையும் விளக்கிவிடுகிறது. ஆங்கிலத்தாருக்கு இந்த வாய்ப்பு இல்லை.

அந்தப் போலியின் பெயர் அமினோப்டெரின். 1947 டிசம்பர் இறுதியில் ஃபார்பர் அதனைக் கையாளத் தொடங்கினார். பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்ததில் பத்துக் குழந்தைகள் தேறினர் என்று 1948 ஜூன் 3ஆம் நாள் வெளிவந்த கட்டுரை கூறிற்று. அக்கட்டுரையின் தலைப்பில் தற்காலிகம் என்ற சொல் உள்ளது. எத்தனையோ அறிக்கைகளை மொழிபெயர்த்த எனக்கு, வெற்றியை அறிவிக்கும் தலைப்பிலேயே அதன் எல்லையையும் கூறிவிடும் நேர்மை அருமையாகவே கண்ணிற் பட்டிருக்கிறது. அமினோப்டெரினை அடுத்து, அதே ஆராய்ச்சிச்சாலை தந்த நெருங்கிய உறவுடைய பொருளே மெத்தோட்ரெக்ஸேட். அதன் முழுப் புகழையும் காண சுப்பாராவ் இருக்கவில்லை. ஃபார்பரின் கட்டுரை வெளிவந்த இரண்டே திங்களில், 1948 ஆகஸ்டில், தம் 53ஆம் வயதில் உறக்கத்தில் உயிர் நீத்தார்.

மற்ற வழியை இப்போது பார்ப்போம். அது கெர்ட்ரூட் எலியன் என்னும் பெண்மணியின் வழி. நியூயார்க்கில் 1918இல் பிறந்தவர், பல்மருத்துவரின் மகள். பதினைந்தாம் வயதில், தம் பாட்டனார் வயிற்றுப் புற்றுநோயால் வருந்தி இறந்ததை அருகிருந்து கண்டு இரசாயனம் படிக்கத் துணிந்தார். தந்தையின் செல்வம் 1929ஆம் ஆண்டுப் பங்குச் சந்தை வீழ்ச்சியில் போய்விட்டது. கட்டணமின்றிக் கற்பித்த ஹன்டர் பெண்கள் கல்லூரி இருந்தமையால் படித்து, 1937இல் உயர்ந்த சிறப்புடன் தேறினார். பட்ட மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்டுப் பல பல்கலைக்கழகங்களுக்கு எழுதினார், ஒன்றும் கொடுக்கவில்லை. வேலை கேட்டுச் சென்ற ஓரிடத்தில், ஆராய்ச்சிக்கூடத்தில் இளம்பெண் இருந்தால் ஆடவர் கவனம் சிதறும் என்றார்கள். ஆறு வாரம் செயலாளர் பயிற்சிப் பள்ளிக்கும் போய்ப் பார்த்தார். செவிலியருக்குச் சில திங்கள் பாடம் சொன்னார். ஓர் இரசாயனியிடம் சம்பளமில்லாமலே வேலை பார்த்தார்.

இவ்வாறு சேர்த்த பணத்தைக் கொண்டு 1939இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பிற் சேர்ந்தார். அவ்வகுப்பில் பெண் அவர் ஒருவரே. பகலில் உயர்நிலைப் பள்ளிகளில் இரசாயனமும் இயற்பியலும் கற்பித்து, இரவிலும் வார இறுதியிலும் தம் ஆய்வைச் செய்து, 1941இல் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். பட்டத்துக்குப்பின் கிடைத்த வேலையோ, உணவுக் கம்பெனியொன்றில் ஊறுகாயின் புளிப்பையும் முட்டை மஞ்சட்கருவின் நிறத்தையும் சோதிப்பது. உலகப் போர் ஆடவரைக் களத்துக்கு அழைத்துச் சென்றதனால் ஆராய்ச்சிச்சாலைகளில் இடம் காலியாயிற்று. தந்தையாருக்கு மாதிரியாக வந்த தலைவலி மாத்திரையில் பரோஸ் வெல்கம் என்ற பெயரைக் கண்டு, அங்கே ஆராய்ச்சிக்கூடம் உண்டா என்று அவர்கள் விசாரித்தார்கள். 1944இல் எலியன் ஹிட்சிங்ஸிடம் சேர்ந்தார்.

ஹிட்சிங்ஸ் அவருக்குக் கொடுத்தது பியூரின். ஹார்வர்டில் தாம் அளக்கக் கற்ற பொருளையே மாணவிபோல் வந்த துணைவரிடம் ஒப்படைத்து, இதன் போலிகளை ஆக்குக என்றார். பியூரின்கள் மரபுப் பொருளான டி.என்.ஏ.யின் உறுப்புகள், விரைந்து பெருகும் உயிரணுவுக்கு அவை மிகுதியாக வேண்டும். எலியன் மூலக்கூறுகளை ஆக்குவதோடு நிற்கவில்லை. ஆக்கிய பொருள் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறதா என்று பார்க்கவேண்டியிருந்தமையால் நுண்ணுயிரியலைக் கற்றார். உடலில் அது என்னவாகிறது என்று அறியவேண்டியிருந்தமையால் நொதிகளையும் மருந்தியலையும் கற்றார். ஹிட்சிங்ஸ் தடுக்கவில்லை, எழுதிய கட்டுரைகளில் அவர் பெயரையும் மறைக்கவில்லை. ஃபிஸ்க்கின் கூடத்தில் கண்டவற்றுள் எதைக் கொள்வது, எதை விடுவது என்பதை அவர் அறிந்திருந்தார் என்று நான் நினைக்கிறேன்.

எனினும் டாக்டர் பட்டம் என்ற ஆவல் எலியனுக்கு இருந்தது. புரூக்ளின் தொழில்நுட்பக் கல்லூரியின் மாலை வகுப்பில் சேர்ந்து, வேலை முடிந்தபின் நெடுந்தூரம் இரயிலிற் சென்று படித்துவந்தார். சில ஆண்டுகள் கழிந்தன. முழுநேர மாணவியாக வந்தாலன்றிப் பட்டம் இல்லை என்று கல்லூரித் தலைவர் கூறினார். வேலையை விடுவதா, பட்டத்தை விடுவதா? எலியன் பட்டத்தை விட்டார். விதிகளைக் காப்பது கல்லூரிக்குக் கடமைதான், அதை மறுக்கவில்லை. ஆயினும் முழுநேர ஆராய்ச்சியிலேயே இருந்த ஒருவரை, முழுநேரமும் ஆராய்ச்சியில் இல்லை என்று கழித்துவிட்ட விதி அது.

முதலில் அவர் ஆக்கிய டைஅமினோபியூரின் சிலருக்கு நோயைத் தணித்தது. கடுமையான குமட்டலையும் தந்தது. இளம்பெண் ஒருத்தி அதனால் தேறி, ஏறத்தாழ ஈராண்டு நலமாக இருந்து, நோய் மீண்டு இறந்தாள். அந்த மரணத்தை எலியன் பல ஆண்டுகளுக்குப் பின்பும் மறவாமற் பேசியிருக்கிறார். 1951க்குள் நூற்றுக்கு மேற்பட்ட பியூரின்களை ஆக்கிச் சோதித்தாயிற்று. அவற்றுள் ஒன்றில், வளையத்தின் ஆறாம் இடத்திலிருந்த ஆக்ஸிஜனை நீக்கிக் கந்தகத்தை வைத்திருந்தார். அதுவே மெர்காப்டோபியூரின். நியூயார்க் ஸ்லோன் கெட்டரிங் நிலையத்தில் ஜோசப் பர்ச்சனால் முதலியோர் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 1953இல் அரசாங்க ஒப்புதல் கிடைத்தது. மூன்று நான்கு திங்களே உயிர் வாழ்ந்த குழந்தைகள் ஓராண்டளவு வாழ்ந்தனர். ஆனால் நோய் திரும்பி வந்தது. தனித்து நின்றபோது இம்மருந்தும் மெத்தோட்ரெக்ஸேட்டும் தற்காலிகத் தணிவுக்கு மேல் தரவில்லை.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் ஃப்ரெய், ஃப்ரெய்ரெய்க் முதலிய மருத்துவர்கள் நான்கு மருந்துகளை ஒருங்கே கொடுக்கத் துணிந்தனர். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெற்ற வின்கிரிஸ்டின், அமெத்தாப்டெரின் என்றும் பெயர் பெற்ற மெத்தோட்ரெக்ஸேட், மெர்காப்டோபியூரின், பிரெட்னிஸோன் ஆகியவை அவை. முதலெழுத்துக்களைச் சேர்த்து அம்முறையை வேம்ப் என்று அழைத்தனர். ஹார்வர்டுக் கூடத்தை விட்டு வேறு வேறு திசையிற் சென்ற இரு மாணவர்களின் மருந்துகள் அச்சொல்லின் நடுவே அடுத்தடுத்து நிற்கின்றன. அதன் வழிவந்த சிகிச்சையினால், நல்ல மருத்துவ வசதியுள்ள நாடுகளில் இந்நோயுற்ற குழந்தைகளுள் பத்துக்கு ஒன்பது பேர் இன்று பிழைக்கின்றனர். நோய் தணிந்தபின் அது மீளாதிருக்கும் பொருட்டு நாள்தோறும் மெர்காப்டோபியூரினும் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட்டும் கொடுப்பது இப்போதும் வழக்கில் உள்ளது. எல்லா நாட்டிலும் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மருந்து பழையது, மலிவானது. அதனை அளந்து கொடுத்து, இரத்தத்தைச் சோதித்து, ஆண்டுக்கணக்கில் குழந்தையைக் கவனிக்கும் ஏற்பாடு மலிவானதன்று.

1988ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஹிட்சிங்ஸுக்கும் எலியனுக்கும், பிரிட்டனின் ஜேம்ஸ் பிளாக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. எலியன் அப்போதும் தேர்வெழுதிப் பெற்ற டாக்டர் அல்லர். 1989இல் புரூக்ளின் கல்லூரியின் வழிவந்த பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கிற்று. 1998இல் ஹார்வர்டும் வழங்கிற்று. 1983இல் ஓய்வு பெற்றபின் அவர் வட கரோலினாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பேராசிரியராக இருந்தார். ஆண்டுதோறும் மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவர் ஒருவரைத் தம்முடன் வைத்துக்கொண்டு, புற்றுநோய்க் கட்டிகளின் இரசாயனத்தில் ஆராய்ச்சி செய்யப் பழக்கி வந்தார்.